கைக்கு முப்பத்து நான்கு

அறிவுச்செல்விக்குச் சிறுமலைக்கு மாறுதல் உத்தரவு வந்தபோது, தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். ஒரு மனு எழுதிப் போடு, டாக்டர் சான்றிதழை இணைத்துக் கொடு, இரண்டு காலிலும் போலியோ உள்ள பெண்ணை மலையேறி வா என்று எந்த அதிகாரியும் சொல்ல மாட்டார் என்றார்கள். அது உண்மைதான். போட்டிருந்தால் கிடைத்திருக்கும். அவள் போடவில்லை.

"அதே உத்தரவுல இன்னும் ஆறு பேருக்கு மாறுதல் வந்திருக்கு. அவங்க யாரும் கால் சான்றிதழ் குடுக்கல. நான் மட்டும் எதுக்குக் குடுக்கணும்?" என்று நர்ஸ் பிரிஸ்கில்லாவிடம் கேட்டாள். பிரிஸ்கில்லாவும் அந்த ஆறு பேரில் ஒருத்தி.

அறிவுச்செல்விக்கு நாற்பத்து மூன்று வயது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் வேலை. வலது கால் சின்ன வயதிலேயே முற்றிலும் சூம்பிப் போனது. இடது காலைக் காலிப்பர் என்கிற இரும்புச் சட்டம் தாங்கும். ஒரு ஊன்றுகோலோடு யார் துணையும் இல்லாமல் நடப்பாள். சின்னாளப்பட்டிப் பக்கம் பதினாறு வருடம் வேலை பார்த்தபோது, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் திண்டுக்கல்லிலிருந்து போய் வந்தாள். மழைக்காலத்தில் ரெயின்கோட்டுக்குள்ளேயே முக்கால்வாசி நனைந்து போய்ச் சேர்ந்து, ஈரப் புடவையோடு மாத்திரை எண்ணிக் கொடுத்திருக்கிறாள். போன வருடம்தான் அந்தச் சங்கடம் தீரட்டும் என்று கார் வாங்கினாள்.

சாம்பல் நிறக் கார், கியர் மாற்றும் வேலை இல்லாத ஆட்டோமேட்டிக். வாங்கிய கையோடு, கரூர் சாலையில் இருந்த ஒரு பட்டறையில் விட்டுக் கை லீவர் பூட்டினார்கள். ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் ஒரு பிடி. அதை முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் ஆக்சிலேட்டர். கீழே உள்ள மிதிகள் அப்படியே இருக்கும். லீவரிலிருந்து போகும் இரும்புத் தண்டுகள் அந்த மிதிகளைத்தான் அமுக்கும். ஆகையால் காலால் ஓட்டுகிறவர்களும் அதே வண்டியை ஓட்டலாம். அவள் கணவர் சுருளிவேல் நிலக்கோட்டைப் பூச்சந்தையிலிருந்து பூ ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போவதென்றால் அவர் ஓட்டுவார். மற்ற நாளெல்லாம் அவள்தான்.

சமவெளியில் ஐந்து மாதம் ஓட்டினாள். ஒரு குறையும் தெரியவில்லை. நால்வழிச் சாலையில் லாரியை முந்தும்போது மட்டும் வண்டி கொஞ்சம் யோசித்துத்தான் போனது. சின்ன வண்டி, அம்புட்டுத்தான் இழுக்கும் என்று விட்டுவிட்டாள்.

மலைக்கு மாறிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. சிறுமலைக்கு பஸ் குறைவு. அதனால் பிரிஸ்கில்லாவும் இன்னும் இரண்டு பேரும் அவளோடு காரில் வருவார்கள். நத்தம் சாலையிலிருந்து பிரிந்து மலைப்பாதை தொடங்கியதும் வண்டிக்கு மூச்சு வாங்கும். லீவரை முட்ட முட்ட இழுத்துப் பிடித்தாலும் ஊர்ந்துதான் ஏறும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே அவளை ஒதுக்கிவிட்டுப் போவார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோராவது கொண்டை ஊசி வளைவில், இறங்கி வந்த பஸ்ஸுக்கு வழிவிட நின்றாள். பஸ் போனதும் லீவரை இழுத்தாள். வண்டி முனகியது, ஏறவில்லை. அரை அடி பின்னால் உருண்டது. சட்டென்று பிரேக்கைத் தள்ளினாள். மறுபடி இழுத்தாள். மறுபடியும் உருண்டது. பிரிஸ்கில்லா கதவைத் திறந்து குதித்து, ஓரத்தில் கிடந்த கல்லைத் தூக்கிப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள். பின்னால் மலைவாழைத் தார் ஏற்றப் போகிற ஜீப் ஒன்று காரின் பம்பரை முட்டாத குறையாக நின்றிருந்தது.

ஜீப்காரர் இறங்கி வந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். லீவரையும் காலிப்பரையும் பார்த்தார்.

"கால் சரியில்லாதவக கீழயே இருந்துக்கிட வேண்டியதுதானே? எங்க உசுரையும் சேத்து வாங்கவா மலைக்கு வாரீக?"

"இதுல என் காலு எங்கண்ணே வந்துச்சு? வண்டி ஏற மாட்டேங்குது, நீங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கீங்க," என்றாள் அறிவுச்செல்வி. "செத்த நேரம் பொறுங்க. உங்களைத் தள்ளச் சொல்லல."

பின்னால் இருந்த இருவரும் இறங்கிக்கொண்டு சுமை குறைந்த பிறகுதான் வண்டி அந்த வளைவை ஏறியது. இறங்கியவர்கள் நடந்து வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுருளிவேலை வண்டி ஓட்டச் சொல்லி மலைக்குக் கூட்டிப் போனாள். அவர் காலை வைத்து அமுக்கினார். பதினோராவது வளைவு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மேலே போய் வண்டியை நிறுத்திவிட்டு, பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நான் ஓட்டுனா ஏறுதே செல்வி."

"அதான் எனக்கும் புரியல."

"ஒருவேளை நீ கடைசி வரைக்கும் இழுக்குறது இல்லையோ என்னமோ. கைக்கு அம்புட்டு பெலன் வேணும்ல."

 நாற்பது வருடமாக அவள் உடம்பின் பாரத்தைத் தூக்கி வந்தவை அந்தக் கைகள்தான். படிக்கட்டில், பஸ்ஸில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், எல்லா இடத்திலும். காலைப் பற்றி யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வாள். கையைப் பற்றி இதுவரை யாரும் சொன்னதில்லை. கட்டினவர் வாயிலிருந்து அது வந்தது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாளே கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனாள். அங்கே ஒரு பையன் டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்கேனரைச் செருகிக்கொண்டு, தானே வண்டியை எடுத்துப் போய் பைபாஸில் ஓட்டிவிட்டு வந்தான்.

"வண்டி சூப்பரா இருக்கு மேடம். ஒரு ஃபால்ட் கோடு கூட இல்ல."

"நீங்க எதால ஓட்டுனீங்க?"

"மேடம்?"

"கையாலயா, காலாலயா?"

பையன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் வந்து, அந்த லீவர் வெளியே பூட்டியது, கம்பெனி அதைத் தொடாது, சோதிக்கவும் சோதிக்காது என்றார்.

"உங்க காலால ஓட்டிப் பாத்துட்டு என் வண்டி நல்லாயிருக்குன்னு சொல்றீங்க. சரி, அப்ப உங்க வண்டின்னு எழுதிக் குடுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

மருந்துக் கவுண்டரில் அவள் தினமும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. மாத்திரை சாப்பிட்டும் நோய் கேட்கவில்லை என்று யாராவது வந்தால், மாத்திரையைக் குறை சொல்வதற்கு முன்னால், எப்படிச் சாப்பிட்டீர்கள், எத்தனை சாப்பிட்டீர்கள் என்று கேட்பாள். பாதிப் பேர் முழு மாத்திரையை உடைத்துப் பாதியைத்தான் விழுங்கியிருப்பார்கள். சுருளிவேல் ஓட்டினாலும் அவள் ஓட்டினாலும் இன்ஜின் ஒன்றுதான். அப்படியென்றால் தான் இழுக்கிற இழுப்பு முழுசாக இன்ஜினுக்குப் போய்ச் சேருகிறதா? இதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

பழனி சாலையில் பொன்னழகு என்று ஒருவர் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறார். ஐம்பது வயதிருக்கும். அளந்துதான் பேசுவார். அவரிடம் ஸ்கேனர் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கே போனாள். கதையைக் கேட்டுவிட்டு அவரும் முதலில், "ஓட்டிப் பாக்குறேன், இறங்குங்கக்கா," என்றுதான் சொன்னார்.

"இறங்க மாட்டேன். நான் இருக்கும்போதுதான் வண்டி படுத்துது. நான் இருக்கும்போதே பாருங்க."

பொன்னழகு அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஸ்கேனரை எடுத்து வந்து, ஓட்டுநர் பக்கக் கதவோரம் குந்தி உட்கார்ந்து செருகினார். சாவியைத் திருப்பச் சொன்னார், இன்ஜினை ஓட விடவில்லை. திரையில் ஓடிய வரிசையில் ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"இன்ஜினுக்குக் காத்து போற வழில ஒரு சின்னத் தட்டு இருக்குக்கா, கதவு மாதிரி. த்ராட்டில்னு சொல்லுவோம். அது எம்புட்டுத் தொறக்குதோ அம்புட்டுத்தான் வண்டி இழுக்கும். இப்பல்லாம் கேபிள் கிடையாது. மிதியை அமுக்குனா கம்ப்யூட்டருக்குச் சேதி போகும், அது மோட்டாரை வச்சு இந்தத் தட்டைத் தொறக்கும். எம்புட்டுத் தொறந்திருக்குன்னு இந்த நம்பர்ல தெரியும்."

நம்பர் பதினான்கில் நின்றது. ஒன்றும் அமுக்காமல் இருக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்றார். பிறகு உள்ளே கையை நீட்டி ஆக்சிலேட்டர் மிதியைத் தரை தட்ட அமுக்கினார். எண்பத்து மூன்று.

"நூறு வரலையே?" என்றாள்.

"வராதுக்கா. நெறைய வண்டியில முழுசாத் தொறந்தாலும் எண்பது சொச்சம்தான் காட்டும். இந்த வண்டிக்கு எண்பத்து மூணுன்னா கதவு முழுசாத் தொறந்துருச்சுன்னு அர்த்தம். த்ராட்டில் நல்லாத்தான் இருக்கு. இப்ப நீங்க இழுங்க."

அறிவுச்செல்வி லீவரை இழுத்தாள். பதினெட்டு, இருபத்தைந்து, முப்பத்து நான்கு. அங்கேயே நின்றது.

"இன்னும் இழுங்க."

இழுத்தாள். விரல் கணு வெளுத்தது. முப்பத்து நான்கு.

"செத்த விலகுங்க," என்று பொன்னழகு தன் கையை உள்ளே விட்டு லீவரைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். ஜாக்கி தூக்கித் தூக்கி உரம் ஏறிய கை அது. முப்பத்து நான்கு.

இருவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  சுருளிவேல் அப்படிச் சொன்ன நாளிலிருந்து ராத்திரி படுக்கும்போது தன் கையைத் தானே அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டது அறிவுச்செல்விக்கு நினைவு வந்தது. வயசாகிறதோ, கையிலும் இறங்கிவிட்டதோ என்று டாக்டரிடம் கேட்கக்கூட நினைத்திருந்தாள்.

பொன்னழகு தரையில் மல்லாந்து படுத்து, செல்போன் வெளிச்சத்தை டேஷ்போர்டுக்கு அடியில் அடித்துப் பார்த்தார்.  பிறகு அங்கிருந்தே பேசினார்.

"அக்கா, ஆக்சிலேட்டர் தண்டுல ஒரு இரும்பு வளையம் மாட்டி ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருக்கு. அது தண்டைத் தாங்குற பிராக்கெட்ல போய் முட்டுது. அதுக்கு மேல தண்டு நகராது. மேல கறுப்புப் பெயின்ட்டும் அடிச்சிருக்கு, தெரியக்கூடாதுன்னு." வெளியே வந்து கையைத் துடைத்தார். "தேய்மானம் எல்லாம் இல்லக்கா. வச்சிருக்காங்க. அவுத்துறட்டா? ரெண்டு நிமிச வேலை."

"வேணாம். வச்சவர் அவுக்கட்டும்."

அவரிடமே கட்டைவிரல் அளவு கருவி ஒன்றை விலைக்கு வாங்கிக்கொண்டாள். அதைச் செருகினால் அதே எண்கள் செல்போனில் தெரியும். இரண்டு சோதனையையும் பொன்னழகை மறுபடி செய்ய வைத்து வீடியோ எடுத்துக்கொண்டாள். அடுத்த விடுப்பு நாளில், அந்த முப்பத்து நான்கோடேயே கரூர் சாலைக்கு வண்டியை விட்டாள்.

பட்டறை முதலாளி பெயர் முத்துக்கிருஷ்ணன். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, மரியாதையான மனிதர். மூன்று சக்கர வண்டி தானம் கொடுத்த படங்கள் அவர் அறைச் சுவர் முழுக்க மாட்டியிருந்தன. வீடியோவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மேடம், எந்த வண்டியிலயும் நூறு வராது. இந்த நம்பரெல்லாம் பாத்துக் கொழப்பிக்கக் கூடாது."

"நான் நூறு கேக்கல சார். காலுக்கு எண்பத்து மூணு வருது. கைக்கு முப்பத்து நாலு வருது. மிச்சம் நாப்பத்து ஒம்பது எங்க போச்சுன்னுதான் கேக்குறேன். அந்த வளையத்தையும் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

அவர் சிரிப்பு குறைந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க பாதுகாப்புக்குத்தாம்மா வச்சது. கையில ஓட்டுறவங்க பதட்டத்துல முழுசா இழுத்துட்டா என்ன ஆகும்? ஊருக்குள்ள போய் வர இது தாராளமாப் போதும்."

"கால்ல ஓட்டுறவங்களுக்குப் பதட்டம் வராதா சார்? அவங்க மிதிக்கு அடியில யாராவது கட்டை வைக்கிறாங்களா?"

"அப்படிக் கேட்டா எப்படிம்மா."

"வேற எப்படிக் கேக்கணும்? மலையில பின்னாடி உருண்டேன் சார். நாலு பேர் உள்ள இருந்தோம். அந்தப் பாதுகாப்பை யார் குடுத்தா?"

"மலைக்கெல்லாம் போவீங்கன்னு நாங்க நெனைக்கல. அதுவும் போக, சொல்லாம ஒண்ணும் வைக்கலையே. உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் வச்சோம்."

அறிவுச்செல்வி நம்பவில்லை. அது அவள் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். முத்துக்கிருஷ்ணன் செல்போனை எடுத்துச் சுருளிவேலின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"சார், மேடம் வந்திருக்காங்க. அந்த லிமிட்டை எடுக்கணுங்கறாங்க. எடுத்துறலாமா?"

அந்தப் பக்கம் பூச்சந்தைச் சத்தம். யாரோ மல்லிகைக்கு விலை கூவிக்கொண்டிருந்தார்கள். சுருளிவேல் குரல் வர நேரமாயிற்று.

"செல்வி அங்கயா இருக்கா?"

இந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. என்ன லிமிட் என்று அவர் கேட்கவில்லை.

"இங்கதான் இருக்கேன்," என்றாள்.

 பிறகு, "எடுத்துருங்க சார்," என்றார் சுருளிவேல்.

உடனே முத்துக்கிருஷ்ணன் மணியடித்து ஆளைக் கூப்பிட்டார். "சார் சொல்லிட்டாரு. மேடம் வண்டில அந்தக் காலர் வளையத்தை எடுத்து விடுப்பா."

"எடுக்காதீங்க," என்றாள் அறிவுச்செல்வி. வந்த ஆள் அப்படியே நின்றான். "ஆர்சி புக்ல யார் பேரு இருக்கு சார்? லைசன்ஸ் யார் பேர்ல இருக்கு? நான் வந்து அரை மணி நேரமாச் சொல்றேன், உங்களுக்குக் கேக்கல. அவர் ஒரு வார்த்தை சொன்னதும் ஆளைக் கூப்பிடுறீங்க. அவர் சொன்னதுக்காக எடுக்க வேணாம். நான் சொல்றதுக்காக எடுங்க. எடுத்துட்டு, உரிமையாளருக்குத் தெரியாம வச்சோம், உரிமையாளர் கேட்டதால எடுத்தோம்னு உங்க லெட்டர்பேடுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"எழுத்தெல்லாம் தர முடியாதும்மா. நாங்க நல்லது செய்யப் போய், எங்களையே..."

"நல்லது செஞ்சிருந்தா எழுதிக் குடுக்க என்ன சார் பயம்?"

அவர் கையை விரித்தார். அறிவுச்செல்வி எழுந்து போய்க் காரில் ஏறினாள். வண்டியைப் பின்னால் எடுத்து, திருப்பி, பட்டறைக்கு இருந்த ஒரே வாசலில் குறுக்கே நிறுத்தினாள். சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து தக்காளி சாதம் சாப்பிட ஆரம்பித்தாள். சாதம் இறங்கவில்லை, இருந்தாலும் சாப்பிட்டாள். முத்துக்கிருஷ்ணன் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள், அவர்களுக்கும் வீடியோவைக் காட்டுகிறேன் என்றாள்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். வெளியே ஒரு வெள்ளைக் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஓட்டி வந்தவருக்கு அறுபது வயதிருக்கும், தலையில் துண்டு கட்டியிருந்தார். பெயர் பெரியகருப்பன், ரெட்டியார்சத்திரம் பக்கம் தென்னந்தோப்பு. கிணற்று மோட்டார் விபத்தில் வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்தவர். பிரேக் தண்டு சத்தம் போடுகிறது என்று காட்ட வந்திருந்தார். என்ன ஏது என்று விசாரித்தார். அவள் சொன்னாள்.

"நம்மளுக்கும் வண்டி இழுக்காதுதான்," என்றார் அவர். "பழைய வண்டில்ல, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு நாலு வழியில போறதை நிறுத்தி ரெண்டு வருசமாச்சு. லாரிக்காரன் நெருக்கும்போது விலக முடியல. மகன் சொன்னான், உங்களுக்கு வயசாயிருச்சுப்பா, வண்டியக் குடுத்துருவோம்னு."

அறிவுச்செல்வி கருவியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். எங்கே செருகுவது என்று சொல்லிக் கொடுத்தாள். அவர் லீவரை இழுத்தார். அவள் செல்போனைப் பார்த்துச் சொன்னாள்:

"முப்பத்தாறு."

இடது கால் நல்ல கால் என்பதால், அதை வைத்து மிதியை அமுக்கச் சொன்னாள். எண்பத்தொன்று.

பெரியகருப்பன் லீவரை விட்டார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். பிறகு தன் வண்டியை அவள் காரை ஒட்டி நிறுத்தி, அவரும் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"தாயி, சாதம் மிச்சம் இருக்கா?" என்றார்.

சாயங்காலம் நான்கு மணிக்கு இரண்டு கடிதங்கள் வந்தன, கையெழுத்தும் முத்திரையுமாக. அதன் பிறகு ஆள் வந்து வளையங்களைக் கழற்றினான். ஆலன் கீ என்கிற ஆறுபட்டைச் சாவியை வைத்து இரண்டு சுற்று, அவ்வளவுதான். அவள் அங்கேயே கருவியைச் செருகி இழுத்துப் பார்த்தாள். எண்பத்து மூன்று வரும்வரை லீவரை விடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சுருளிவேல் வாசலிலேயே நின்றிருந்தார். வழக்கமாகக் குளித்துவிட்டுத்தான் உட்காருவார். அன்று சந்தையிலிருந்து வந்த சட்டையோடேயே இருந்தார். அவள் உள்ளே போய்க் காலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏங்க சொல்லல?"

"வண்டி விடுறன்னைக்கு அவர் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. அளவா வச்சுத் தாறோம், வீட்டுல பயமில்லாம இருக்கலாம்னு. நான் ரோட்டுல எம்புட்டோ பாத்தவன் செல்வி. சரின்னுட்டேன். அப்புறம் மலைக்கு மாத்துனாங்க. மனு போட்டுருவன்னு நெனச்சேன். நீ போடல. அதுக்குப் பெறகு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"உருண்டேன்னு வந்து சொன்னேனே. அன்னைக்குக்கூடவா தெரியல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க பயப்படுங்க, அது உங்க இஷ்டம். நானும்தான் நீங்க விடியக்காலம் வேனை எடுத்துட்டுப் போறப்ப பயப்படுறேன். அதுக்காக உங்க வேன்ல நான் கைய வச்சேனா?" அவள் குரல் உயரவில்லை. "வளையம் வச்சதைக்கூட விடுங்க. ஏன் ஏறலன்னு தெரிஞ்சுக்கிட்டே, உன் கையில பெலன் இல்லன்னு என்கிட்டயே சொன்னீங்க பாருங்க. அதை நான் மறக்க மாட்டேன்."

"தப்புத்தான்."

"தப்புத்தான்," என்று அவளும் சொன்னாள்.

 நான்கைந்து நாள், சாப்பாடு, கதவு, பால் பாக்கெட் என்று தேவைக்கு மட்டும்தான் பேசிக்கொண்டார்கள். இன்றுவரை சுருளிவேல் அந்தக் காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அவள்தான் ஓட்டுகிறாள், அவர் பக்கத்தில் இருக்கிறார். அவளும் ஓட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

வளையம் போனதும் எல்லாம் சுகமாகிவிடவில்லை. மலையில் முதல் நாள், பழைய பழக்கத்தில் லீவரை முட்ட இழுத்தாள். வண்டி மூன்றாவது வளைவில் துள்ளிக்கொண்டு பாய்ந்தது. பிரிஸ்கில்லா இயேசுவே என்று டேஷ்போர்டைப் பிடித்தாள். அறிவுச்செல்வி சட்டென்று பிரேக்கைத் தள்ளினாள். ஓரம் கட்டி, தண்ணீர் குடித்தாள்.

"மெதுவாவே போவமே அக்கா," என்றாள் பிரிஸ்கில்லா.

"மெதுவாத்தான் போவேன். ஆனா மெதுவாப் போறது என் கையில இருக்கணும்."

ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. எந்த வளைவில் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். பெரும்பாலும் பாதிக்கு மேல் இழுக்க வேண்டியிருப்பதில்லை.

பெரியகருப்பன் இதைச் சும்மா விடவில்லை. தனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். இப்போது மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை காலையில் பொன்னழகின் கடை முன்னால் கை லீவர் வைத்த வண்டிகள் இரண்டு மூன்று வந்து நிற்கும். வத்தலக்குண்டிலிருந்து வருகிறார்கள், பழனியிலிருந்து வருகிறார்கள். அறிவுச்செல்வி கருவியைச் செருகி எண்ணைப் படிப்பாள். பொன்னழகு தரையில் படுத்துப் பார்ப்பார். இதுவரை பதினொரு வண்டி பார்த்ததில் ஏழில் வளையம் இருந்தது. ஏழு பேரில் ஒருவருக்குக்கூட அது தெரிந்திருக்கவில்லை. வேறு வேறு பட்டறைகளில் பூட்டியவை. பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்கள், உங்கள் நல்லதுக்கு என்று.

போன மாதம் நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து லூர்தம்மாள் என்று ஒரு டீச்சர் வந்தார். அவருடைய எண் நாற்பது. பொன்னழகு ஆலன் கீயோடு குனிந்தபோது அவர் தடுத்தார்.

"வேணாம் தம்பி, இருக்கட்டும். பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும்தான் போறேன். இதுவே எனக்குப் போதும். வேகம்னா எனக்குப் பயம்."

பொன்னழகு அறிவுச்செல்வியைப் பார்த்தார், இவள் விடமாட்டாளே என்கிற மாதிரி.

"தாராளமா இருக்கட்டும் டீச்சர்," என்றாள் அறிவுச்செல்வி. பொன்னழகின் கையிலிருந்த ஆலன் கீயை வாங்கி, லூர்தம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள். "ஆனா இது உங்ககிட்ட இருக்கணும். இடது பக்கமாத் திருப்புனா கழலும். வாங்க, ஸ்க்ரூ எங்க இருக்குன்னு காட்டுறேன்."

லூர்தம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். எந்தப் பக்கம் என்று இன்னொரு தடவை கேட்டார். தானே ஒருமுறை தளர்த்தி, மறுபடி முறுக்கிப் பார்த்தார். பிறகு கீயைக் கைக்குட்டையில் சுற்றிப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு, நாற்பதோடேயே மெதுவாக நிலக்கோட்டை ரோட்டில் ஏறிப் போனார்.